36 அடிப் பாய்ப்படகுக்கு எந்த டிங்கி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். மலேசியாவின் லங்காவித் தீவில் 36 அடி நீளமான பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சனவரி, பெப்ரவரியில் மனைவி, எட்டு வயது மகளோடு காலிக்கு ஓட்டி வருவது, பிறகு திருகோணமலை, சரிவந்தால் அடுத்த வருடம் மாலைதீவு. படகோடு வந்த டிங்கி, அதாவது கரைக்குப் போய்வரும் சின்ன வள்ளம், உக்கிப் போயிற்று. கொழும்பில் ஒருவர் மலிவாக ஒரு பிவிசி டிங்கி தருவதாகச் சொல்கிறார். கப்பலில் வேலை செய்யும் நண்பரோ, அலுமினிய அடி போட்ட ரிப் (கெட்டியான அடியும் சுற்றிவரக் காற்று ரியூபும் உள்ள டிங்கி) இல்லாவிட்டால் சரிவராது, 15 குதிரைவலு எஞ்சினும் வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் படகின் முன்தளத்துக்குப் போங்கள். பாய்மரத்தின் அடியிலிருந்து நங்கூரச் சங்கிலி இறங்கும் இடம் வரை எவ்வளவு நீளம் வெறுமையாக இருக்கிறது? அகலம் எவ்வளவு? பாயின் கயிறுகள், காற்றுத் திறப்பு மூடிகள் எதையும் மறைக்காமல் அங்கே எது கிடக்கும்? லங்காவியிலிருந்து இங்கே ஆயிரம் கடல் மைலுக்கு மேல். அந்தத் தூரத்துக்கு டிங்கியைப் பின்னால் கட்டி இழுத்து வர முடியாது. அலை அதைப் புரட்டும், கயிறு அறும், அறாவிட்டால் பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு போகும். படகின் பின்புறத்தில் டேவிட் எனும் தூக்குக் கைகள் போட்டுத் தொங்கவிட்டாலும் நடுக்கடல் அலைக்கு அது நல்லதல்ல. ஆகவே பயணத்தின்போது அது முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது காற்றிறக்கிச் சுருட்டி உள்ளே போக வேண்டும். 36 அடிப் படகில் பெரும்பாலும் 2.7 மீற்றர், மிஞ்சினால் 2.9 மீற்றர் டிங்கிதான் முன்தளத்தில் அடங்கும். 3.1 மீற்றர் வாங்கும் ஆசை இந்த இடத்திலேயே பலருக்கு முடிந்துவிடுகிறது.

அடுத்தது பாரம். டிங்கியையும் எஞ்சினையும் யார் தூக்கப் போகிறார்கள்? நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் உங்கள் மனைவி தனியாக டிங்கியை இறக்கி, எஞ்சினைக் கொளுவி, கரைக்குப் போய் மருந்து வாங்கி வர வேண்டும். அவரால் முடியாத எதையும் வாங்காதீர்கள். கடையில் எல்லாரும் வேகத்தையும் விலையையும் கதைப்பார்கள், இதைக் கதைக்க மாட்டார்கள். டிங்கி வாங்கி ஒரு வருடத்தில் விற்க நிற்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பாரம்தான். மெதுவாக ஓடுகிறது என்று விற்பவர்கள் குறைவு.

அண்ணளவாகக் கணக்குப் பார்ப்போம். காற்றுத் தளம் (காற்றடைத்த அடித்தளம்) போட்ட 2.7 மீற்றர் டிங்கி 25 முதல் 30 கிலோ வரை. அதே நீள அலுமினிய ரிப் 35 முதல் 50 கிலோ. பைபர் அடி போட்ட 3.1 மீற்றர் ரிப் 60 கிலோவைத் தாண்டும். எஞ்சினில் 2.5 குதிரைவலு நான்கு ஸ்ரோக் என்றால் 13 முதல் 18 கிலோ, ஒரு கையால் தூக்கலாம். 4, 5, 6 குதிரைவலு மூன்றும் பல கம்பனிகளில் ஒரே எஞ்சினின் வேறு வேறு அமைப்புகள்தான். பாரமும் ஒன்றே, 25 கிலோவைச் சுற்றி. 9.9 என்றால் 40 கிலோவைத் தொடும். 15 குதிரைவலு நான்கு ஸ்ரோக் 45 முதல் 50 கிலோ. உங்கள் நண்பர் இதைத்தான் வாங்கச் சொல்கிறார். அவர் வேலை செய்யும் கப்பலில் கிரேன் இருக்கும். உங்கள் படகில் இருப்பது பாய் இழுக்கும் கயிறும் வின்சும் ஒரு மனைவியும்.

சரி, இனி துணி. கொழும்பில் இருந்து யோசிக்கும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான், ஏனென்றால் ஐரோப்பாவில் எழுதிய ஆலோசனைகள் நம் வெயிலில் பாதிதான் செல்லுபடியாகும். காற்றடைத்த டிங்கிகளில் இரண்டு வகைத் துணி உண்டு: பிவிசி, ஹைப்பலோன். ஹைப்பலோன் என்பது டூபொன்ட் நிறுவனத்தின் சரக்கு. அவர்கள் 2010 அளவில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது வேறு கம்பனிகள் செய்யும் அதே வகைச் செயற்கை ரப்பர், பட்டியல்களில் சிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, சாமான் நல்லதுதான்.

பிவிசி தன்னளவில் விறைப்பான பிளாஸ்ரிக். அதை வளைய வைப்பது உள்ளே கலந்திருக்கும் மென்மையாக்கி. வெயிலும் சூடும் அந்த மென்மையாக்கியை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், ஊத்தை ஒட்டினால் கழுவப் போகாது, பிறகு விறைத்து வெடிக்கும். வெயிலுக்குப் பூசும் கிறீம், பெற்றோல் துளி இரண்டும் இதை விரைவாக்கும். மூட்டுகள் வெறும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் துணி கெடுமுன்பே மூட்டு கழன்றுவிடும். உள்ளே காற்று விரிய, வெளியே வெயில் பசையை இளக்க, பின்பலகை ஒட்டியிருக்கும் இடம்தான் முதலில் வாய் பிளக்கும். குளிர் நாட்டில் பத்து வருடம் ஓடும் பிவிசி, வெளியில் மூடாமல் விட்டால் இங்கே மூன்று முதல் ஐந்து வருடம். ஹைப்பலோன் இதே வெயிலில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும். விலை கூட, அது உண்மை. வருடக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் மலிவான டிங்கிதான் விலை கூடியது.

ஆனாலும் பிவிசி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு வருடம் ஓடிப் பார்த்து, இந்த வாழ்க்கை குடும்பத்துக்குப் பிடிக்கிறதா என்று அறிந்த பிறகு பெரிதாகச் செலவழிக்கலாம் என்று நினைப்பவருக்கு அது போதும். அப்படியென்றால் மூன்று விடயம் கேளுங்கள். மூட்டுகள் சூட்டால் உருக்கி இணைக்கப்பட்டவையா, வெறும் பசையா? துணி 0.9 மில்லிமீற்றரா, 0.7 ஆ? நிறம் வெளிறியதா? கறுப்பு, கருநீல ரியூப் நம் நண்பகலில் கை வைக்க முடியாமல் சுடும். கொழும்பில் உங்களுக்குக் காட்டப்பட்ட டிங்கியின் மூட்டு ஓரத்தில் மஞ்சளாகப் பசை கசிந்த கோடு தெரிந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

எந்தத் துணியானாலும் உறை தைத்துப் போடுங்கள். வெளிநாட்டில் இதற்கு ஒரு சிறிய டிங்கியின் பாதி விலை கேட்பார்கள். இங்கே ஓட்டோவுக்கு ஹூட் தைப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் டிங்கியைக் காற்றடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வளைவுகளுக்குத் துணி வெட்டுவதில் அவர்கள் கைகாரர்கள். ஆனால் ரெக்சினில் தைக்க விடாதீர்கள். அதுவும் பிவிசிதான், சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலுக்கென்று வரும் அக்ரிலிக் கான்வஸ் துணியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். நூலும் வெயில் தாங்கும் பொலியெஸ்ரர் நூலாக இருக்கட்டும், பருத்தி நூல் ஒரு வருடத்தில் உக்கும்.

காற்றழுத்தம் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ரியூப்களுக்கு வழக்கமாக 0.25 பார், அதாவது 3.6 பிஎஸ்ஐ. காற்றுத் தளத்துக்கு அதன் மூன்று மடங்கு. விடியப்புறம் 25 பாகையில் சரியாக அடித்த ரியூப், நண்பகலில் தரையில் கிடந்து உள்காற்று 60 பாகைக்கு ஏறினால், கணக்குப்படி 0.4 பார் அளவுக்குப் போகும். மூட்டுகள் கழல்வது இப்படித்தான். பிறகு பின்னேரம் மழை ஒன்று அடித்தால் ரியூப் தொய்ந்து கிடக்கும், ஓட்டை விழுந்துவிட்டது என்று பயப்படுவீர்கள். ஒன்றும் இல்லை, காற்று குளிர்ந்ததுதான். கரையில் வெயிலில் விடும்போது கொஞ்சம் காற்று இறக்குங்கள், தண்ணீரில் இறக்கிய பிறகு அடித்துச் சரிசெய்யுங்கள். அழுத்தம் பார்க்கும் மானி ஒன்று பம்போடு கட்டாயம் இருக்க வேண்டும். காலால் உதைத்துப் பார்த்து அளக்கிற பழக்கம் ஓட்டோ ரயருக்கே சரியில்லை.

அடித்தளம் எது என்பதற்கு வருவோம். பலகைக் கீற்றுகள் போட்டுச் சுருட்டும் வகையை விடுங்கள், அது அலையில் நெளியும், எஞ்சினின் வலு பாதி அந்த நெளிவிலேயே போய்விடும். காற்றுத் தளம் பாரம் குறைந்தது, காலுக்கு மெத்தென்று இருக்கும், சுருட்டிப் பைக்குள் போடலாம். அதன் எதிரி மணல். தளத்துக்கும் ரியூபுக்கும் இடையில் போகும் மணல் உப்புத்தாள் போல உரசிக்கொண்டே இருக்கும். கரையில் இழுக்கும்போது அடித் துணிதான் தரையில் தேயும். ரிப் என்ற வகையே இந்தத் தொல்லையில் பிறந்ததுதான்: 1960களில் வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில், மாணவர்களின் ரப்பர் படகுகள் கரையில் இழுபட்டு அடி தேய்ந்து போனதால் அடியில் பலகை ஒட்டிப் பார்த்தார்கள், அங்கிருந்து வளர்ந்தது.

நம் கரைகளை நினைத்துப் பாருங்கள். நிலாவெளியில் மணல். புறாத்தீவைச் சுற்றிப் பவளப்பாறை. நெடுந்தீவுப் பக்கம் போனால் கரையே பவளக்கல். யாழ்ப்பாணக் களப்பில் முழங்கால் தண்ணீர், அடியில் சிப்பி. மாலைதீவில் பாறை இல்லாத இடத்தைத் தேடித்தான் இறங்க வேண்டும். இதற்கெல்லாம் அலுமினிய அடிதான் பொருத்தம். பைபர் அடியில் கல் பட்டால் மேல்பூச்சு தெறிக்கும், பாரமும் கூட. அலுமினியம் நெளியும், கீறுப்படும், ஆனால் தண்ணீர் விடாது. குறை இரண்டு. வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, ஒரு பாய்த் துண்டு விரிக்க வேண்டும். வர்ணப் பூச்சின் கீழே உப்பு புகுந்தால் கொப்பளிக்கும், குறிப்பாக ஸ்ரெயின்லெஸ் ஆணி போட்ட இடங்களில். இரட்டைத் தளம் போட்ட மாதிரிகள் நடக்க வசதி, ஆனால் பாரம் கூட்டும். உங்களுக்கு ஒற்றைத் தளம் போதும். ரியூபின் விட்டம் 40 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள். அதற்குக் குறைந்தால் சின்ன அலைக்கும் நனைந்துதான் கரை சேர்வீர்கள். அரிசி, மாவு வாங்கி வரும் வள்ளம் இது.

பின்பலகையில் ஒரு தகடு இருக்கும்: எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சக் குதிரைவலு, அழுத்தம். ஐஎஸ்ஓ 6185 என்ற தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தகடே இல்லாத டிங்கியை விலை பேசவே வேண்டாம். தகட்டில் நான்கு பேர் என்றிருந்தால் அமைதியான தண்ணீரில் நான்கு பேர் என்று எடுங்கள். தண்ணீர்க் கான், காஸ் சிலிண்டர், மரக்கறிப் பை எல்லாம் ஏற்றினால் இரண்டு பேரும் ஒரு பிள்ளையும்.

எஞ்சின் விடயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. வேகம் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானியுங்கள், நடுவில் நிற்காதீர்கள். 2.5 குதிரைவலு எந்த டிங்கியையும் நான்கு நொட் (மணிக்கு நான்கு கடல் மைல்) அளவில் தள்ளும், அதற்கு மேல் போகாது. துறைமுகத்துக்குள் நூறு, இருநூறு மீற்றர் போய் வர அது தாராளம். எஞ்சினின் தலையிலேயே ஒரு லீற்றர் தொட்டி இருக்கும், தனி பெற்றோல் கான் தேவையில்லை. ஹொண்டாவின் 2.3 காற்றால் குளிர்வது, தண்ணீர் இழுக்கும் பம்பே கிடையாது, ஆனால் அதன் சத்தத்தை அடுத்த படகுக்காரர் மன்னிக்க மாட்டார். தண்ணீரின் மேல் எழும்பி ஓட வேண்டுமென்றால், இரண்டு பெரியவர்களோடு, குறைந்தது 8 வேண்டும். 6 என்பது நீங்கள் தனியே போகும்போது எழும்பும், குடும்பத்தோடு போகும்போது 2.5 ஓடும் வேகத்தில்தான் ஓடும், பாரம் மட்டும் இரட்டிப்பு.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் பழைய பாணி: 8 குதிரைவலு, இரண்டு ஸ்ரோக். யமஹாவின் 8 இரண்டு ஸ்ரோக் 27 கிலோ அளவில் இருக்கிறது, நான்கு ஸ்ரோக் 6 இன் பாரம்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைச் சட்டத்தால் இந்த வகை புதிதாக விற்பனைக்கு இல்லை. நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கிறது. நீர்கொழும்பு, முகத்துவாரம், பேசாலை, குருநகர், எங்கே போனாலும் மீனவர்களின் பைபர் படகுகளில் யமஹாவும் சுசுக்கியும்தான். கார்புரேட்டர் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் துறைக்கு ஒருவராவது இருப்பார், பிளக், இம்பெல்லர் போன்ற பாகங்கள் கடையிலேயே இருக்கும். குறை இல்லையா? இருக்கிறது. புகை, எண்ணெய் கலக்கும் வேலை, எரிபொருள் குடிக்கும் அளவு. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு கடைசிக் குறையை விளக்கத் தேவையில்லை.

மீனவரிடம் பழைய எஞ்சின் வாங்கினால் இரண்டு விடயம் வடிவாகப் பாருங்கள். ஒன்று, ஷாஃப்ட் நீளம். டிங்கிக்குக் குட்டை, அதாவது 15 அங்குலம். அவர்களின் படகுகளுக்குப் பெரும்பாலும் 20 அங்குலம். நீளமானதைப் பூட்டினால் தண்ணீர் சிதறி உள்ளே வரும், ஆழமில்லாத இடத்தில் சுழலி தரையைக் கொத்தும். மற்றது, அது மண்ணெண்ணெயில் ஓட மாற்றிய எஞ்சினா என்பது. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள், கேட்கத்தான் வேண்டும்.

மின்சார எஞ்சின் பற்றியும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஈபுரொபல்ஷனின் ஸ்பிரிட் 1.0 பிளஸ் போன்றவை 1 கிலோவாற், பற்றரி 1.27 கிலோவாற் மணி. முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணித்தியாலம், பாதி வேகத்தில் அதைவிடப் பல மடங்கு. வேகம் 2.5 பெற்றோல் எஞ்சினைப் போலத்தான். சோலார் போதுமான அளவு இருக்கிற படகுக்கு இது அருமை: சத்தம் இல்லை, பிள்ளை தானே ஓட்டலாம், படகில் பெற்றோல் மணம் இல்லை. ஒரே நங்கூர இடத்தில் கிடப்பவர் என்றால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். நீங்கள் மாலைதீவில் பாறைக்கு அப்பால் ஒரு மைல் போய் மீன் பார்க்க நினைப்பவர், அதனால் தயங்குகிறேன்.

திருகோணமலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு ஆலோசனைகளில் இது வராது. நீங்கள் அங்கே இருக்கப் போவது ஏப்ரலுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், கடல் அமைதியான காலம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த அமைதிக்குக் காரணமே காற்று தரையிலிருந்து வீசுவது. கச்சான் எனும் மேல்காற்று எழும்பினால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும், காற்று முதுகில் தள்ளும், டிங்கி சுகமாக வெளியே போகும். அந்த நேரம் எஞ்சின் நின்றால் அடுத்த கரை வங்காள விரிகுடாவுக்கு அப்பால். காற்றடைத்த டிங்கியைக் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக் கொண்டுவருவது இலேசல்ல. அதோடு வரும் குட்டையான துடுப்புகள் விளையாட்டுச் சாமான்கள். நீளமான இரண்டு துடுப்பு தனியாக வாங்குங்கள், கொளுவிகள் உறுதியா என்று ஏறி இருந்து வலித்துப் பாருங்கள். சின்ன நங்கூரம், முப்பது மீற்றர் கயிறு எப்போதும் உள்ளே கிடக்கட்டும். எஞ்சின் நின்றவுடன், திருத்தப் பார்க்கும் முன்பே, நங்கூரத்தைப் போடுங்கள். திருகோணமலையில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியார் குடா வரை ஏறி வருகிறது. சில இடங்களில் கொஞ்சத் தூரம் இழுபட்டாலே உங்கள் கயிறு தரையைத் தொடாது. பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடம் அங்கே பெரிய விலை.

தெற்கிலும் மேற்கிலும் தொல்லை வேறு விதம். பருவம் நல்லதாக இருந்தாலும் கரையில் அலை உடையும். வற்றுப்பெருக்கு நமக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் ஐரோப்பியர்கள் போலச் சேற்றில் நூறு மீற்றர் இழுக்கும் பிரச்சினை இல்லை, ஆனால் உடையும் அலையை நேர்ப்பட்டுத்தான் இறங்க வேண்டும். பின்பலகையில் மடக்கும் சக்கரங்கள் இரண்டு பூட்டுங்கள், அகலச் சக்கரம், மணலில் புதையாதது. எஞ்சினோடு 75 கிலோவை நீங்களும் மனைவியும் அலைக்குத் தப்பி மேலே இழுக்க வேறு வழியில்லை. ஓட்டுபவரின் காலிலோ கையிலோ அவசர நிறுத்தக் கயிறு எப்போதும் கட்டியிருக்க வேண்டும். மகளை அணியத்தில், அதாவது டிங்கியின் முன்முனையில், காலைத் தொங்கவிட்டு இருக்க விடாதீர்கள், வெளியே விழுந்தால் சுழலி அவள் மேல்தான் போகும்.

இரவில் டிங்கியைத் தண்ணீரில் விட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். களவு ஒரு காரணம். மற்றது கொட்டலசு, படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர். நம் சூடான தண்ணீரில் ஒரு கிழமை கிடந்தாலே அடியில் அரும்பத் தொடங்கும், ரியூபிலிருந்து சுரண்டினால் துணியும் சேர்ந்து உரியும். பாய் இழுக்கும் கயிற்றில் மூன்று புள்ளிக் கட்டுப் போட்டு, படகின் பக்கவாட்டில் இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிடலாம். தூக்கியதும் வடிகால் மூடியைத் திறந்துவிடுங்கள். கொழும்பு மழை தெரியும்தானே, ஒரு பின்னேரத்தில் 100 மில்லிமீற்றர் கொட்டுவது புதினமல்ல. இரண்டு சதுர மீற்றர் டிங்கிக்குள் அது 200 லீற்றர், 200 கிலோ. எந்த டேவிட்டும் அதை நினைத்துச் செய்யப்படவில்லை. பூட்டுக்குப் பிளாஸ்ரிக் மூடிய இரும்புக் கம்பிக் கயிறு, எஞ்சினையும் டிங்கியையும் சேர்த்து. டிங்கியில் தாய்ப்படகின் பெயரை எழுதுவது கடல் வழக்கம். கரையில் கட்டியிருக்கும் டிங்கியைப் பார்த்தே எந்தப் படகில் ஆள் இல்லை என்று கள்ளனுக்கு விளங்கும் என்று எழுதாமல் விடுபவர்களும் உண்டு. நான் எழுதுவேன். நம் கடலில் பெயரோ இலக்கமோ இல்லாத வள்ளத்தில் போய்க் கடற்படைக்கு விளக்கம் சொல்வதைவிட அது நல்லது.

விளக்குக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழு மீற்றருக்குக் குறைந்த, ஏழு நொட்டுக்கு மேல் ஓட முடியாத எஞ்சின் வள்ளத்துக்கு, சுற்றும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று போதும். 8 குதிரைவலு போட்டால் நீங்கள் அந்தச் சலுகையில் இல்லை, சிவப்பு, பச்சை பக்க விளக்குகளும் வேண்டும். இரவில் வலைகள் இருக்கும் இடத்தில் வேகமாக ஓடவே வேண்டாம். சுழலியில் வலை சுற்றினால் உங்களுக்கு ஒரு மணித்தியால வேலை, வலைக்காரருக்கு ஒரு மாத வருமானம்.

ஒட்டுவது பற்றி. புறக்கோட்டையில் வாங்கும் சைக்கிள் ரியூப் பசை இரண்டு துணியிலும் நிற்காது. ஹைப்பலோனுக்கு அதற்கென்ற இரண்டு பாகப் பசை, பிவிசிக்கு பொலியூரிதேன் பசை. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது. பசையோடு வரும் கடினமாக்கி ஈரத்தோடு முட்டிக்கொள்ளும் சாமான். கொழும்பின் ஈரப்பதம் பெரும்பாலான நாள் 70 வீதத்துக்கு மேல், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். வெளியில் வைத்து ஒட்டிய ஒட்டு இரண்டு மாதத்தில் உரிவதற்குக் காரணம் பசையின் தரமல்ல, காற்று. ஏசி போட்ட அறைக்குள் கொண்டுபோய், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு ஒட்டி, குறைந்தது ஒரு நாள் காற்றடிக்காமல் விடுங்கள். படகில் ஏசி இல்லாவிட்டால் வரண்ட நாள் ஒன்றின் நண்பகலுக்குப் பொறுத்திருங்கள். பசை ரின்னின் திகதியையும் பாருங்கள், திறக்காவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்குத்தான்.

பழைய டிங்கி வாங்கும் எண்ணமும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். துணி எது என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். வால்வைக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள்: மங்கலான ரப்பர் போல இருந்தால் ஹைப்பலோன் வகை, வெளிப்பக்கம் போலவே பளபளத்தால் பிவிசி. மூலையில் அசிற்றோன் நனைத்த துணியால் தேய்த்தால் பிவிசி பிசுபிசுக்கும். பிறகு ஒரு பின்னேரம் ஆறு மணிக்கு முழு அழுத்தத்துக்கு அடித்து, நிழலில் வைத்து, அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் பாருங்கள். ஒரே நேரத்தில் பார்ப்பது ஏன் என்று மேலே சொன்ன வெயில் கணக்கிலிருந்து விளங்கும். பின்பலகையைக் கையால் பிடித்து உலுக்குங்கள், உள்ளே ஈரம் ஊறிய பலகை தட்டினால் மந்தமாக ஒலிக்கும்.

கடைசியாக, எங்கே வாங்குவது. படகு லங்காவியில் இருக்கிறது, லங்காவி தீர்வையற்ற தீவு, டிங்கிக்கு எப்படியும் அங்கேயே முன்தளத்தில் அளவு பார்க்க வேண்டும். ஆகவே 2.7 அல்லது 2.9 மீற்றர், ஒற்றைத் தள அலுமினிய ரிப், ஹைப்பலோன், வெளிர்சாம்பல் நிறம், அதை அங்கே வாங்குங்கள். எஞ்சினையும் அங்கேயே விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் படகு காலிக்கு வந்த பிறகு இங்கே எடுக்கலாம், அதுவரை நல்ல துடுப்பு இரண்டு போதும். கொழும்பில் இருந்துகொண்டே ரிப் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் பொல்கொடை ஏரி இருக்கிறது. மொறட்டுவைப் பக்கம் டிங்கி வைத்திருக்கும் தெரிந்தவர் யாரையாவது பிடித்து, ஒரு ஞாயிறு மனைவி, மகள் இருவரையும் கூட்டிப்போய், எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையை உங்கள் மனைவியிடம் கொடுத்துப் பாருங்கள். 27 கிலோ அவருக்குச் சரிவராது என்று அங்கே தெரிந்தால், 8 ஐ விட்டுவிட்டு 2.5 க்குப் போங்கள்.